அம்மன் காலடியில் இருந்த கவர்

போன வாரம் ஸ்னேகா போன் செய்தாள். நான் முப்பத்தோரு வருஷம் தேய்த்த நாற்காலியில் இப்போது அவள்தான் உட்கார்ந்திருக்கிறாள். மலை மேல் இருக்கிற ஒரு போர்டிங் பள்ளிக்கூடத்தின் மும்பை ஆபீஸ் அது. மாட்டுங்காவில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடி. பிள்ளைகளுக்கு இன்டர்வியூ நடப்பதும், இடம் உண்டு, இல்லை என்ற பதில் கிளம்புவதும் அங்கிருந்துதான். என் காலத்தில் பதில் தபாலில் போகும். இப்போது கம்ப்யூட்டரில் வந்துவிடுகிறது. இன்ன தேதி, காலை பதினோரு மணி என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள்.

"டேட், டைம் எல்லாம் மெசேஜ்ல அனுப்பியாச்சு ஆன்ட்டி. அப்பவும் காலையிலேர்ந்து போன் அடிச்சிட்டே இருக்கு. 'ஏதாவது தெரிஞ்சுதா'ன்னு கேக்குறாங்க. தேதியே வரல, என்ன தெரியும்? தலை வெடிக்குது. நீங்க எப்படி சமாளிச்சீங்க?"

சமாளித்தேன் என்று யார் சொன்னது? போனில் ஏதோ சொல்லி வைத்தேன். மீதியை இங்கே எழுதுகிறேன். ஸ்னேகா செம்பூரில் பிறந்த பெண். தமிழ் நன்றாகப் பேசுவாள், படிக்க வராது. யாராவது வாசித்துக் காட்டினால் புண்ணியம்.

நான் வளர்ந்தது தாராவியில். அப்பாவுக்கு வள்ளியூர்ப் பக்கம். மாட்டுங்காவில் டைப்பிங் படித்துவிட்டு இருபத்து மூன்று வயதில் அந்த ஆபீஸில் சேர்ந்தேன். முதல் இரண்டு வருஷம் கவரில் விலாசம் அடித்ததைத் தவிர வேறொன்றும் செய்ததாக ஞாபகம் இல்லை. அதிலும் ஆயிரம் தப்பு. அப்புறம் போனையும் வாசல் பெஞ்சையும் என்னிடம் விட்டார்கள். அதாவது இன்டர்வியூ முடிந்த நாளிலிருந்து பதில் போய்ச் சேரும் நாள் வரைக்கும் பெற்றோர்களுடைய ஜுரம் முழுக்க என் பொறுப்பு.

என் மேலதிகாரி தேஷ்பாண்டே சார். ஒல்லியான மனிதர். அரைக்கைச் சட்டை, பாக்கெட்டில் இரண்டு பேனா. முப்பது வருஷம் மாட்டுங்காவில் இருந்தும் அவருக்குத் தெரிந்த தமிழ் "வரும்" என்ற ஒரே வார்த்தை. யார் என்ன கேட்டாலும் "வரும், வரும்" என்பார். நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் இந்தியில்தான். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

அவர் எனக்குச் சொன்ன சட்டம் ஒன்றுதான். பதில் கவருக்குள் மட்டும் இருக்க வேண்டும். உன் வாயில் இருக்கக் கூடாது, மூஞ்சியிலும் இருக்கக் கூடாது. "முத்து, நீ சிரிச்சா கிடைச்சிருச்சுன்னு நினைப்பாங்க. சிரிக்கலைன்னா அழுவாங்க. அதனால எல்லாருக்கும் ஒரே அளவு சிரி" என்பார். நான் கண்ணாடி முன்னால் நின்று ஒரே அளவு சிரிக்கப் பழகினேன். என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, பல் வலியா என்று கேட்டார்.

கவர் விஷயத்தில் அவரைப் போல ஒருவரை நான் பார்த்ததில்லை. இடம் கிடைத்தவர்களுக்குக் கடிதம், சேர்க்கைப் பாரம், துணிமணி லிஸ்ட் என்று நாலு தாள் போகும். கிடைக்காதவர்களுக்கு ஒரே தாள். கவரைத் தடவிப் பார்த்தே போஸ்ட்மேன் முன்னால் அழுதுவிடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், கிடைக்காதவர்கள் கவரிலும் மூன்று வெள்ளைத் தாளை மடித்து வைக்கச் சொன்னார். உல்லாஸ்நகர், சான்பாடா மாதிரி தூரத்துக் கவர்களை ஒரு நாள் முன்னாலும், பக்கத்துக் கவர்களை மறுநாளும் தபாலில் சேர்ப்போம். ஒருத்தர் வீட்டுக்கு முந்தி, இன்னொருத்தர் வீட்டுக்குப் பிந்தி என்று போகக் கூடாதாம். ஊரில் பந்தி பரிமாறுகிறவன்கூட இவ்வளவு பார்க்க மாட்டான்.

அந்த வெள்ளைத் தாள் எங்களை ஒரு தடவை நன்றாக மாட்டிவிட்டது. உல்லாஸ்நகரில் துணிக்கடை வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர், மகனுக்கு இடம் இல்லை என்று கடிதம் போன நாலாம் நாள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படியேறி வந்தார். கையில் எங்கள் மூன்று தாள். இரண்டு பக்கமும் பொடி எழுத்தில் தமிழில் நிரப்பியிருந்தார். "எழுதி அனுப்பச் சொல்லித்தானம்மா தாள் வச்சிருந்திய? இங்கிலீஷ் வராது, நம்ம பாசையிலயே எழுதிட்டேன். சாருக்கு வாசிச்சுச் சொல்லிருங்க" என்றார். நான் வாசித்து இந்தியில் சொன்னேன். பையன் பொய் சொல்ல மாட்டான், கீரை சாப்பிடுவான், கடையில் வாடிக்கைக்காரர்கள் பேரெல்லாம் மனப்பாடம் என்று ஆறு பக்கம். தேஷ்பாண்டே சார் கடைசி வரி வரைக்கும் நின்றுகொண்டே கேட்டார். தாள் வைத்தது என் தப்பு என்று அண்ணாச்சியிடம் மன்னிப்புக் கேட்டார். முடிவு மாறவில்லை, மாற்றவும் முடியாது. அடுத்த வருஷத்திலிருந்து வெள்ளைத் தாளுக்குப் பதிலாகப் பிள்ளைகள் வாசிக்க வேண்டிய கதைப் புத்தகங்களின் பட்டியலை அச்சடித்து வைத்தோம்.

இப்படித்தான் ஓடியது. ஸ்வீட் பெட்டியோடு வருகிறவர்கள், ஜாதகத்தோடு வருகிறவர்கள், சும்மா அந்தப் பக்கம் போனேன் என்று வாரத்தில் மூன்று நாள் வந்து பெஞ்சில் உட்காருகிறவர்கள். திட்டிக்கொண்டே இருப்பேன். ஆனால் அவர்களை எனக்குப் பிடித்திருந்தது. பிள்ளையைத் தூர அனுப்புவதற்கு இடம் கேட்டுவிட்டு, அது கிடைத்துவிடுமோ என்று பயந்துகொண்டும் இருப்பார்கள். அந்த இரண்டு மனசும் எனக்குத் தெரியும்.

நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருஷம் முன்னால்தான் பவித்ரா வந்தாள். எங்கள் பள்ளியில் ஒவ்வொரு வருஷமும் ஐந்தாம் வகுப்பில் ஒரே ஒரு பெண் பிள்ளைக்குப் படிப்பு, சாப்பாடு, தங்கல் எல்லாம் இலவசம். அந்த ஒரு இடத்துக்கு வந்தவள் அவள். அம்மா மாரிச்செல்வி, அப்பா சுடலைமுத்து. இருவருக்கும் தாராவியில் ஸ்கூல் பை தைக்கிற பட்டறையில் வேலை. ராதாபுரம் பக்கத்து ஆட்கள். இன்டர்வியூவில் தேஷ்பாண்டே சார், "மலையில் ரொம்பக் குளிருமே, என்ன செய்வாய்?" என்று கேட்டார். அந்தப் பிள்ளை, "எங்க கோலிக்குள்ள வெயிலும் வரும், மழையும் வரும் சார். குளிர் மட்டும்தான் இன்னும் வரல. அதையும் பாத்துரலாம்" என்றது. ஒரே அறை வீட்டைக் கோலி என்போம். மூன்று பேர் இன்டர்வியூ எடுத்தார்கள். மூன்று பேரும் ஒரே பெயரைத்தான் எழுதினார்கள்.

காத்திருப்போர் பட்டியலில் முதல் பேர் சான்பாடாவில் இருந்த ஒரு பெண் பிள்ளை. அவள் அம்மா கோமதிக்கு அந்த விவரம் கடிதத்தில் போயிருந்தது. கணவருக்கு வேலை போய்விட்டது, கோமதி டியூஷன் எடுத்துக் குடும்பத்தை நடத்திக்கொண்டிருந்தாள். தினமும் காலை பத்தேகாலுக்கு அவளுடைய போன் வரும். "மேடம், முதல் ஆள் வேண்டாம்னு சொல்லிட்டாங்களா?" என்று கேட்பாள். கேட்டுவிட்டு, "அப்படிக் கேக்குறது பாவம்தான்" என்று அவளே சொல்வாள்.

இடம் கிடைத்தவர்கள் பத்து நாளுக்குள் பாரத்தில் அப்பா, அம்மா இருவரும் கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தர வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணி கடைசி. தவறினால் இடம் பட்டியலில் அடுத்தவருக்கு. மற்ற வகுப்புப் பாரமெல்லாம் வந்துவிட்டது. வியாழக்கிழமை வரைக்கும் பவித்ராவின் பாரம் வரவில்லை. சாரிடம் சொன்னேன். "கவர் திரும்பி வந்ததா? இல்லை. அப்படின்னா போய்ச் சேர்ந்திருச்சு. நாம கூப்பிட்டுக் கேட்டா, கிடைச்சிருச்சுன்னு நாமே சொன்ன மாதிரி" என்றார்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில், அவரிடம் சொல்லாமல், தாராவிக்கு நடந்தேன். மாரிச்செல்வி கோலி வாசலில் உட்கார்ந்து பைகளுக்கு ஜிப் வைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் மடியில் இருந்ததெல்லாம் கீழே விழ எழுந்தாள்.

"வாங்கக்கா. சாய் குடிக்கியளா?"

குடித்தேன். கண்ணாடி முன்னால் பழகின சிரிப்பைச் சிரித்தேன். "எல்லா வீட்டுக்கும் கவர் வந்துட்டான்னு கேட்டுட்டு வாரேன். ஒங்களுக்கு வந்துதா?" என்றேன்.

"அது அப்பவே வந்துட்டுல்லா. ஊருக்குக் குடுத்து விட்டுட்டேன்."

"எந்த ஊருக்கு?"

"நம்ம ஊருக்குத்தான். அம்மன் கொடை வருதுல்லா. எங்க வீட்டுக்காரவியதான் கோமரத்தாடி. கவர் வாரதுக்கு ரெண்டு நாளைக்கு முன்னாலயே அவிய போயிட்டாவ. கொழுந்தன் ரயிலுக்குக் கெளம்புனான், அவன் கையில பிரிக்காமக் குடுத்து விட்டேன். இப்ப அம்மன் காலடியில இருக்கு."

கோமரத்தாடி என்றால் கொடையில், அதாவது கோவில் திருவிழாவில், அம்மன் அருள் வந்து ஆடுகிறவர். கோவிலில் பந்தலுக்குக் கால்நாட்டி அவர் கையில் காப்புக் கட்டிவிட்டால், கொடை முடிகிற வரைக்கும் விரதம். ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. போனையும் தொட மாட்டார். நான் வள்ளியூர்க்காரி. இதையெல்லாம் எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

"கொடை என்னைக்கு?"

"வர்ற செவ்வாக்கெழம. இன்டர்வியூ முடிஞ்சு வந்த அன்னைக்கே அவிய நேந்துக்கிட்டாவக்கா. கவர் வந்தா அம்மன் கிட்ட வச்சிட்டு, கொடை முடிஞ்ச பொறவுதான் பிரிக்கணும், அவிய கையாலதான் பிரிக்கணும்னு."

"பத்து நாளு, இருவது நாளு ஆனாலும் ஒங்களுக்குப் பதட்டமா இருக்காதா செல்வி?"

அவள் ஜிப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "கவர் வாரதுக்கு முன்னால சோறு எறங்கல. இப்ப எறங்குதுக்கா. பிரிக்காத வரைக்கும் கெடச்ச மாதிரிதான இருக்கு. அம்மன் பாத்துக்கிடுவா." உள்ளே கையைக் காட்டினாள். "பவித்ராவும் இன்டர்வியூ முடிஞ்சதுலேர்ந்து பாயைத் தனியா போட்டுப் படுத்துப் பழகுதா. அடுப்புக்கும் பீப்பாய்க்கும் நடுவுல எடமே இல்ல. அதுக்குள்ள சுருண்டுக்கிடுதா."

நாளைக்கு நாலு மணி கடைசி என்பது அந்தக் கடிதத்தில்தான் எழுதியிருக்கிறது. அதை நான் சொன்னால் பதிலையும் சொன்னதாகிவிடும். வாயைத் திறந்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டென்று என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, ஒங்களுக்குத் தெரியும். சொல்லிராதிய. அவிய அங்க ஒரு வேளை கஞ்சி குடிச்சிட்டு விரதம் இருக்காவ. நான் மட்டும் இங்க தெரிஞ்சுக்கிட்டு இருந்தா அது அவியளுக்குச் செய்யுற துரோகம்."

அப்படியே எழுந்து வந்துவிட்டேன். வரும் வழியெல்லாம் சுடலைமுத்துவைத் திட்டினேன், அம்மனையும் விட்டுவைக்கவில்லை.

சனிக்கிழமை காலை எல்லாவற்றையும் சாரிடம் சொன்னேன். சொல்லாமல் போனதற்கு வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக நின்றேன். அவர் திட்டவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"வேற பாரம் கொடுத்துக் கையெழுத்து வாங்கலாமா சார்?" என்றேன்.

"பாரத்தைக் கொடுத்தா பதிலைச் சொன்ன மாதிரி. வேண்டாம்னு அவங்களே சொல்றாங்க. கட்டாயப்படுத்தி நல்ல சேதி சொல்ல நாம யாரு?"

"அப்ப நாலஞ்சு நாள் தள்ளி வைக்கலாமே?"

"தள்ளி வைக்கலாம், முத்து. ஆனா அந்த நாலஞ்சு நாள் என்னோடது இல்ல. சான்பாடாக்காரங்களோடது."

முப்பது வருஷமாக முடிவு விஷயமாக யாருக்கும் தானாகப் போன் செய்யாத மனிதர், அன்று போனை எடுத்துத் தானே எண்களை அழுத்தினார். கோமதியிடம் ஒளிவு மறைவு இல்லாமல் சொன்னார். முதல் பிள்ளையின் பாரம் இன்னும் வரவில்லை. இன்று நாலு மணிக்கு மேல் சட்டப்படி இடம் உங்கள் மகளுக்கு. உங்கள் அனுமதி கிடைத்தால் அடுத்த வெள்ளிக்கிழமை நாலு மணி வரைக்கும் பொறுக்க விரும்புகிறேன். முடியாது என்றால் அதுவும் நியாயம்தான், நாலு மணிக்குக் கடிதம் உங்கள் பெயரில் கிளம்பும். இவ்வளவும் சொல்லிவிட்டு, காரணத்தைத் தன்னால் விளக்க முடியாது என்று போனை என்னிடம் நீட்டினார்.

"ஏன் மேடம் பதில் போடல அவங்க?" கோமதியின் குரலில் கோபம் இருந்தது. இருக்காதா பின்னே?

பேர் சொல்லாமல் கொடையைச் சொன்னேன். கவர் இருக்கிற இடத்தைச் சொன்னேன்.

கோமதி கேட்டாள். "கால்நாட்டியாச்சா?"

அந்தக் கேள்வியிலேயே தெரிந்துவிட்டது, அவளும் எங்கள் பக்கத்து ஆள்தான் என்று. "ஆச்சும்மா. அவருக்குக் காப்பும் கட்டியாச்சு."

"என்ன மேடம் இப்படி வந்து கேக்குறீங்க? எங்க அம்மா பொறந்தது தெசையன்விளை. சாமி காலடியில இருக்கிறதை எடுன்னு நான் எப்படிச் சொல்லுவேன்? சொல்லிட்டு அந்த இடத்துல என் பொண்ணை எப்படி அனுப்புவேன்?" மூச்சு வாங்கினாள். "ஆனா வெள்ளிக்கிழமை நாலு மணின்னா நாலு மணிதான். அதுக்கு மேல என்னால முடியாது. எம் பொண்ணு ராத்திரியெல்லாம் முழிச்சுக் கிடக்கா."

அந்த ஆறு நாள் மாதிரி என் சர்வீஸில் வேறு நாள் இல்லை. அதற்கு முன்னால் எத்தனையோ பேரைக் காக்க வைத்திருக்கிறேன். நான் காத்திருந்தது அப்போதுதான். சோறு இறங்கவில்லை. யார் வீட்டுக்காக வேண்டிக்கொள்வது என்றும் தெரியவில்லை. பவித்ரா என்று ஆரம்பித்தால் கோமதியின் குரல் காதில் கேட்கும். பத்தேகாலுக்கு அவள் போன் வருவதும் நின்றுவிட்டது. அது இன்னும் மோசம். பத்தேகால் ஆனால் நான் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணி சுமாருக்குப் படியில் ஆள் அரவம். முதலில் பவித்ரா, அவள் பின்னால் மாரிச்செல்வி, கடைசியில் சுடலைமுத்து. ரயில் மூன்று மணி நேரம் தாமதமாம். தாடியோடு, கையில் மஞ்சள் கயிற்றோடு, செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தார். மஞ்சள் துணியைப் பிரித்து மேஜையில் வைத்தார். எங்கள் கவர்தான். ஒட்டினது ஒட்டினபடி, மேலெல்லாம் குங்குமமும் எண்ணெயும்.

"ஆபீஸ் கடுதாசியாச்சே, பிரிச்சா ஏதாச்சும் எழுதணும்னு இருக்கும். எங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது. அதான் ஒங்க முன்னாலயே பிரிச்சிருவோம்னு வந்தோம்" என்றார்.

எல்லோர் முன்னாலும் நின்று அம்மன் வாக்குச் சொன்ன மனிதர், ஒரு கவரைக் கிழிக்க மூன்று தடவை முயன்றார். நாலு தாளையும் எடுத்து மகளிடம் கொடுத்தார். பவித்ரா நேராக நின்று, பள்ளிக்கூடத்தில் வாசிக்கிற மாதிரி உரக்க ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள். இரண்டாவது வரியில் நிறுத்தினாள்.

"அப்பா, சீட் கெடச்சிட்டுப்பா."

சுடலைமுத்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தேஷ்பாண்டே சார் அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டும் அவர் எழுந்திருக்கவில்லை. மாரிச்செல்வி என்னிடம் வந்தாள்.

"அன்னைக்கே தெரியும்லா ஒங்களுக்கு?"

"தெரியும்."

"அடப் பாவி அக்கா! சாயையும் குடிச்சிட்டு ஒண்ணுந் தெரியாத மாதிரி போனியளே!" என்று என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் மேல் கணவர் கொண்டுவந்த வேப்பிலையும் மிஷின் எண்ணெயும் கலந்து மணத்தன. நான் வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டேன். மகளை முதல் தடவையாக யாரோ பெண் கேட்டு வந்த மாதிரி மாரிச்செல்வி முகத்தில் சிரிப்பும் அழுகையும் மாறி மாறி வந்தன.

பாரத்தில் கையெழுத்து வாங்கி, சீல் வைத்து, அவர்கள் படியிறங்கிப் போகும்போது மூன்று மணி தாண்டிவிட்டது. அவர்களுக்குக் கோமதியைப் பற்றி நாங்கள் சொல்லவில்லை. தேஷ்பாண்டே சார் போனை எடுத்தார். "நான் பேசுறேன் சார்" என்று வாங்கிக்கொண்டேன். அவர் எழுந்து போகாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள். பின்னால் டியூஷன் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லும் சத்தம் கேட்டது. அவர்களை அதட்டி நிறுத்தினாள்.

"மேடம், பிரிச்சுட்டாங்களா?"

"பிரிச்சாச்சும்மா."

அதற்கு மேல் அவளுக்குத் தேவைப்படவில்லை. "அந்தப் பொண்ணு சந்தோஷப்பட்டாளா?" என்று கேட்டாள்.

"பட்டாம்மா."

"சரி மேடம். இன்னிக்கு எங்க வீட்டுல எல்லாரும் தூங்குவோம். தூங்கி ரெண்டு மாசமாச்சு."

என்னால் முடியவில்லை. சார் பக்கத்தில் இருக்கிறார் என்றும் பார்க்காமல், போனைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதேன்.

"ஐயோ, என்ன மேடம் நீங்க! அழாதீங்க" என்றாள் கோமதி. "போயி முதல்ல தண்ணி குடிங்க. நான் லைன்லயே இருக்கேன்."